வண்டுக்கு இரண்டு வாரம், சம்பளத்துக்கு ஆறு வருடம்: தேயிலைக்காக யார் பேசுகிறார்கள்?

2017 டிசம்பரில் இலங்கையிலிருந்து போன தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு இருந்ததாக ரஷ்ய அதிகாரிகள் அறிவித்தார்கள். டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலைக்கு ரஷ்யாவில் தற்காலிகத் தடை விழுந்தது. இலங்கைத் தேயிலையை அதிகமாக வாங்கும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. தேயிலை ஏற்றுமதியாளர்களும் பெருந்தோட்டக் கம்பனிகளும் பதறிப்போனார்கள்.

அதே நேரத்தில் இலங்கை அரசாங்கம் இன்னொரு முடிவை நடைமுறைப்படுத்தக் காத்திருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் அஸ்பெஸ்டஸின் இறக்குமதியை 2018 ஜனவரி 1 முதல் கட்டுப்படுத்துவது என்பதே அந்த முடிவு. உலகச் சந்தைக்கு அஸ்பெஸ்டஸை அதிகமாக அனுப்பும் நாடு ரஷ்யா. தேயிலைத் தடை வந்த மறுநாளே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட அமைச்சரவை தீர்மானித்தது. ஆண்டு முடிவதற்குள் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. இரண்டையும் இணைத்துக் கொழும்புப் பத்திரிகைகள் அன்றே எழுதின. பொதுச் சுகாதாரத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு கொள்கை முடிவு இரண்டு வாரத்துக்குள் தலைகீழானது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். நாட்சம்பளமாக 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கையை மலையகத் தொழிலாளர்கள் 2015இல் முன்வைத்தார்கள். அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். ஒரே பயிர், ஒரே அரசாங்க இயந்திரம். ஒரு விடயம் இரண்டு வாரத்தில் முடிகிறது, மற்றது ஆறு வருடம் இழுபடுகிறது. ஏன்?

விடை தேட வேண்டுமானால், தேயிலையைப் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருடைய தொலைபேசி அழைப்புக்கு அமைச்சு உடனே பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அரசின் முடிவைத் தமக்குச் சாதகமாகத் திருப்ப வர்த்தகத் துறை செய்யும் இந்த ஒழுங்குபடுத்தப்பட்ட முயற்சியைத்தான் 'லொபி' என்கிறார்கள். அது சட்டவிரோதமானது இல்லை. தொழிற்சங்கமும் அதைச் செய்யலாம். ஆனால் ஒரு தரப்புக்கு மட்டுமே அதற்கான பணமும் ஆளும் கதவும் இருக்கும்போது நாட்டின் வர்த்தகக் கொள்கையும் மனித உரிமை இராஜதந்திரமும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகின்றன.

1854இல் தொடங்கிய பழக்கம்

மலையகத்தில் இது புதிய கதை இல்லை. இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் கண்டியில் உருவானது. அப்போது பயிர் கோப்பி. வீதி, ரயில் பாதை, தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருதல் என எல்லாவற்றிலும் குடியேற்ற அரசு யாருடைய குரலைக் கேட்டது என்பதற்கு அந்தச் சங்கத்தின் வரலாறே சாட்சி.

ஆனால் அதே வரலாற்றில் எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் இருக்கிறது, அது இன்றைக்கும் பாடமாகக்கூடியது. 1920களில் இலங்கைத் தோட்டங்கள் இந்தியத் தொழிலாளர்களை நம்பியே ஓடின. 1922இன் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்த பிறகு, தொழிலாளர்களை எந்த நிபந்தனையில் வெளியே அனுப்புவது என்ற பிடி இந்திய அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஆள் வரத்து நின்றுவிட்டால் தோட்டம் நிற்கும் என்பது துரைமாருக்குத் தெரியும். 1927இல் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இலங்கையில் நிறைவேறியதற்குப் பின்னால் இந்த அழுத்தம் இருந்தது. துரைமாரின் இலாபத்தை நேரடியாகத் தொட்டதால் அன்றைய உரிமை இராஜதந்திரம் வேலை செய்தது.

1939இல் பயிற்சியற்ற தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதை இந்தியா தடைசெய்தது. அதற்குள் தோட்டங்களில் தேவையான அளவு ஆட்கள் நிரந்தரமாகத் தங்கியிருந்தார்கள். இந்தியாவின் பிடி தளர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அதே மக்களை நாடற்றவர்களாக்கியபோது தோட்ட உற்பத்தி நிற்கவில்லை. வாக்குரிமை இல்லாதவரும் கொழுந்து பறிக்கலாம் அல்லவா? 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டு தலைநகரங்களில் நடந்த அந்தப் பேச்சுகளில் பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஜீ.எஸ்.பி. பிளஸ்: கம்பு ஒருவர் கையில், அடி இன்னொருவர் முதுகில்

இன்றைக்கு இலங்கையின் மனித உரிமை பற்றிப் பேசும்போது வெளிநாடுகளிடம் இருக்கும் பெரிய கருவி ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தினால் ஐரோப்பியச் சந்தைக்குள் வரியின்றி நுழையலாம் என்பதே அதன் சாரம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் அடிப்படை உடன்படிக்கைகளும் அந்த 27க்குள் அடங்கும். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டாகப் பேரம்பேசும் உரிமை, கட்டாய உழைப்பு ஒழிப்பு, சிறுவர் உழைப்பு ஒழிப்பு எல்லாம் அதில் வருகின்றன.

கேட்பதற்கு மலையகத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. சிக்கல் சுங்கவரி அட்டவணையில் இருக்கிறது.

இலங்கை பெருமளவில் ஏற்றுமதி செய்வது கறுப்புத் தேயிலை. கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான இறக்குமதி வரியே பூச்சியம். சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி இல்லை. அதனால் ஜீ.எஸ்.பி. பிளஸ் பறிபோனால் தேயிலைக் கம்பனிக்கு வரியில் ஒரு சதம்கூட நட்டமில்லை. நட்டப்படுவது முதலில் ஆடைத் தொழிற்துறை. ஐரோப்பாவுக்கு இலங்கை விற்பதில் பெரும்பகுதி ஆடைகள்தான்.

இது ஒருமுறை நடந்தும் காட்டியது. 2005இல் கிடைத்த சலுகையை 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இடைநிறுத்தியது. சிவில் மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்று உடன்படிக்கைகளை இலங்கை சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். போரும் அதன் பின்விளைவுகளும் பின்னணியில் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் நிலைமை அந்த முடிவுக்குக் காரணமாக இருக்கவில்லை. 2017 மே மாதம் சலுகை மீண்டும் கிடைக்கும்வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆடை உற்பத்தியாளர்கள் கூடுதல் வரியோடு போட்டியிட்டார்கள். தேயிலை வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது.

2021 ஜூன் 10இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இன்னொரு தீர்மானம் நிறைவேற்றியது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்க வேண்டும், தேவைப்பட்டால் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராய வேண்டும் என்று அது கேட்டது. சலுகையைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றது ஆடை உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு. வேலைவாய்ப்பு போகும், பெண்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஹட்டன், நுவரெலியா, பதுளைத் தோட்டங்களிலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். தாய் மலையில் கொழுந்து பறிக்கிறார், மகள் வலயத்தில் தைக்கிறார். சலுகையை நிறுத்தினால் தாயின் தோட்டக் கம்பனிக்கு வலிக்காது. மகளின் வேலைதான் முதலில் ஆட்டம் காணும். தாயின் உரிமைக்காக எடுக்கப்படும் கம்பு மகளின் முதுகில் விழும் ஏற்பாடு இது.

ஆகவே சலுகையை நிறுத்து என்று கேட்பதும் நிறுத்தாதே என்று கேட்பதும் மலையகத்துக்கு முழு விடையாகாது. சலுகை தொடர்பான பேச்சு ஆடைத் துறையின் தேவையையும் பயங்கரவாதத் தடைச்சட்டத்தையும் சுற்றியே நடக்கிறது. தோட்டம் அதில் ஒரு பத்தியாக வந்து போகிறது.

தேயிலை போகும் ஊர்களில் இந்தக் கேள்வி இல்லை

இலங்கைத் தேயிலையை அதிகமாக வாங்கும் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு இராச்சியம், துருக்கி, லிபியா, ஈரான், அசர்பைஜான். தொழிலாளரின் லயன் அறை எப்படி இருக்கிறது என்று கேட்டு, அதற்கேற்ப வரியைக் கூட்டிக் குறைக்கும் நாடு இவற்றில் எதுவும் இல்லை. ஐரோப்பா வாங்குவது ஒரு பகுதி மட்டுமே.

ஈரானுடனான ஏற்பாடு இன்னும் சுவாரசியமானது. முன்னர் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை ஈரானுக்கு 25 கோடியே 10 இலட்சம் டொலர் கடன்பட்டிருந்தது. அமெரிக்கத் தடைகளால் டொலரில் அதைக் கட்டுவது கடினம். 2021 டிசம்பரில், மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பதற்கு இரு நாடுகளும் இணங்கின. தேயிலை உணவுப்பொருள், அதனால் தடைக்குள் வராது என்று அரசாங்கம் விளக்கியது. ஏற்றுமதியாளருக்கு உள்நாட்டில் ரூபாவாகப் பணம் கிடைக்கும். அரசுக்கு டொலர் மிச்சம், ஏற்றுமதியாளருக்குச் சந்தை நிச்சயம், ஈரானுக்குத் தேயிலை. மூன்று தரப்புக்கும் இலாபமான ஏற்பாடு. நாட்டின் எண்ணெய்க் கடனை அடைக்கும் இலையைப் பறித்தவர் இந்த ஏற்பாட்டின் எந்தப் பக்கத்திலும் ஒரு தரப்பாக இல்லை.

களைநாசினி விவகாரத்திலும் இதே வரிசையைக் காணலாம். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. களை எடுக்க ஆளில்லை, உற்பத்தி விழுகிறது என்று கம்பனிகள் தொடர்ந்து வாதாடின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. கம்பனிகளின் வாதத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தடிப்பவரின் பாதுகாப்பு, முகமூடி, மருத்துவப் பரிசோதனை ஆகியவை அந்தத் தளர்வுக்கான விவாதத்தில் முன்வரிசைக்கு வரவேயில்லை.

கொழும்பில் நடக்கும் பேரம்

வெளிநாட்டு அழுத்தம் தோட்டத்தை எட்டாவிட்டால் மிஞ்சுவது உள்நாட்டுப் பேரம். பல ஆண்டுகளாக அது கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் நடந்தது. ஒரு பக்கம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்காக முதலாளிமார் சம்மேளனம். மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட மூன்று தொழிற்சங்கத் தரப்புகள். சங்கத் தலைவர்களே அமைச்சர்களாகவும் இருந்தார்கள். முதலாளி, தொழிலாளி, அரசாங்கம் என்ற மூன்று நாற்காலிகளில் இரண்டில் ஒரே ஆள் மாறிமாறி உட்கார்ந்த காலம் அது.

2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, கொடுப்பனவுகளோடு 730. 2018 இறுதியில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது. ஆனால் வருகைக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் வெட்டப்பட்டன. மொத்தம் 750. அத்தனை போராட்டத்துக்குப் பிறகு மொத்தத் தொகையில் கூடியது 20 ரூபா.

அரசாங்கம் பின்னர் விடயத்தைச் சம்பள நிர்ணய சபைக்குக் கொண்டுபோனது. 2021 மார்ச் வர்த்தமானி 900 ரூபாவையும் 100 ரூபா கொடுப்பனவையும் சேர்த்து 1,000 ஆக்கியது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தத்தையும் கைவிட்டன. அதோடு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எப்போது முழுப்பேர், எப்போது அரைப்பேர் என்று தீர்மானிக்கும் கூட்டு ஏற்பாடும் போய்விட்டது. கிலோவைக் கூட்டுகிறார்கள், அரைப்பேர் போடுகிறார்கள் என்ற முறைப்பாடுகள் அதன்பின் தோட்டம் தோட்டமாக எழுந்தன. ஒரு கையால் கொடுத்த ஆயிரம் தராசடியில் மறு கையால் குறைந்தது.

2024 ஏப்ரல் 30இல் இன்னொரு வர்த்தமானி வந்தது: 1,350உம் 350உம் சேர்த்து 1,700. மறுநாள் கொட்டகலை மே தின மேடையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதைக் கொண்டாடினார். கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின. ஜூலை 4இல் இடைக்காலத் தடை. ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் செப்டெம்பரில் வந்த புதிய அறிவிப்பில் 1,350 மட்டும் இருந்தது.

2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 1,750 ரூபாவை முன்மொழிந்தார். இதில் 1,550 கம்பனியின் பொறுப்பு. 200 ரூபா வருகைக் கொடுப்பனவாக அரசாங்கத்தின் திறைசேரியிலிருந்து வரும். தொழிலாளியின் கையில் கூடுதல் காசு வருவதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இதில் நடந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். கொடுக்க முடியாது என்று கம்பனிகள் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த வாதத்தின் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொண்டு, தனியார் தோட்டச் சம்பளத்தின் ஒரு பகுதியை வரிப்பணத்திலிருந்து கட்ட முன்வந்திருக்கிறது. வரி கட்டுவோரில் கடையில் சீனி வாங்கும் தோட்டத் தொழிலாளியும் ஒருவர்.

கம்பனிகளின் தரப்பையும் சொல்ல வேண்டும். உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகிறது, கென்யாவோடும் அசாமோடும் ஒப்பிட்டால் ஒருவர் பறிக்கும் அளவு குறைவு, விலையைக் கொழும்பு ஏலம் தீர்மானிக்கிறது என்கிறார்கள். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை இன்று சிறு தேயிலைத்தோட்ட உரிமையாளர்களே தருகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்படும் இடம் எப்போதும் நாட்சம்பளமாக இருப்பது இயற்கை விதி இல்லை. பழைய செடியைப் பிடுங்கி மீள்நடுகை செய்வதிலும் தொழிற்சாலையைப் புதுப்பிப்பதிலும் முதலிட்டிருக்க வேண்டிய காலம் 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெனீவாவின் அறிக்கை, பிரசல்ஸின் பின்வாங்கல்

சமகால அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா 2021 நவம்பர் இறுதியில் இலங்கை வந்தார். அவருடைய அறிக்கை 2022 செப்டெம்பரில் மனித உரிமைகள் பேரவையின் முன் வைக்கப்பட்டது. தோட்டங்களில் நவீன அடிமைத்தனத்துக்கு ஓர் இன முகம் இருக்கிறது என்றும், மலையகத் தமிழர் தம் பூர்வீகத்தின் காரணமாகவே பல மடங்கு பாகுபாட்டைச் சுமக்கிறார்கள் என்றும் அது பதிவுசெய்தது. ஆனால் அதே பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானங்களின் மையம் போர்க்காலப் பொறுப்புக்கூறல். அது மையமாக இருக்க வேண்டியதே. லயன் அறை அங்கே ஓரத்தில் நிற்கிறது. அந்த அறிக்கைக்கும் தேயிலை விற்பனைக்கும் இடையில் எந்தக் கயிறும் கட்டப்படவில்லை.

கட்டக்கூடிய ஒரு கயிறு ஐரோப்பாவில் தயாரானது. பெரிய நிறுவனங்கள் தமது விநியோகச் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறல்களைக் கண்டறிந்து திருத்த வேண்டும் என்ற சட்டப் பணிப்புரை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தேயிலைப் பெட்டியில் பெயர் போடும் ஐரோப்பிய நிறுவனம், அந்த இலை பறிக்கப்பட்ட தோட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது இதன் தர்க்கம். வரி பூச்சியமாக இருந்தாலும் இந்தப் பிடி இறுகும். ஐரோப்பிய வர்த்தக அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. செலவு கூடுகிறது, போட்டித்திறன் போகிறது என்று அழுத்தம் கொடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு சட்டத்தைத் தளர்த்த முன்மொழிந்தது. 1,000 ஊழியர்களுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு என்றிருந்த எல்லை, ஆண்டு முடிவில் எட்டப்பட்ட இணக்கத்தில் 5,000 ஊழியர்களாகவும் 150 கோடி யூரோ விற்பனையாகவும் உயர்ந்தது. பிரசல்ஸில் வென்ற ஒரு லொபி, நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ இருக்கும் தொழிலாளிக்குக் கிடைக்கவிருந்த பாதுகாப்பைச் சுருக்கிவிட்டது. அவருக்கு அந்தச் செய்தியே வந்திருக்காது.

எந்தக் கதவைத் தட்டுவது?

1927இன் அனுபவம் சொல்வது ஒன்றுதான். முதலாளியின் தேவையைத் தொடும் அழுத்தம் மட்டுமே சம்பளத்தையும் சட்டத்தையும் அசைக்கிறது. அப்படித் தொடும் இடங்கள் இன்றும் இருக்கின்றன.

முதலாவது, கம்பனிகளின் உரிமைக் கட்டமைப்பு. பெருந்தோட்டக் கம்பனிகள் பலவும் கொழும்பின் பெரிய வணிகக் குழுமங்களுக்குச் சொந்தமானவை. உதாரணமாக, தலவாக்கலை, களனிவெலிப் பெருந்தோட்டங்களை நடத்தும் ஹேலீஸ் குழுமமே துணியும் இறப்பர் கையுறையும் உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்கிறது. தேயிலைக்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் பொருட்டில்லாமல் இருக்கலாம். தேயிலையோடு ஏனைய பொருட்களையும் ஐரோப்பாவுக்கு விற்கும் குழுமங்களுக்கு அது பொருட்டே. தோட்ட நிலைமையைக் குழுமத்தின் பெயரோடு சேர்த்துக் கேட்டால் கேள்வியின் கனம் மாறும்.

இரண்டாவது, சலுகையின் கண்காணிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழுக்கள் இலங்கை வரும்போது தொழிற்சங்கங்களையும் சிவில் அமைப்புகளையும் சந்திக்கின்றன. அங்கே 'மலையக மக்களின் நிலை மோசம்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, கூட்டுப் பேரம் முறிந்த திகதி, கிலோ கூட்டப்பட்ட தோட்டம், அரைப்பேர் போட்ட நாட்கள் என்று ஆவணமாகக் கொடுப்பது வேலை செய்யும். கூட்டாகப் பேரம்பேசும் உரிமை அந்த 27 உடன்படிக்கைகளுக்குள் இருக்கிறது. இப்போதைய திட்டத்தின் காலம் முடிந்து புதிய ஒழுங்குவிதி வரும்போது இலங்கை மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

மூன்றாவது, காணி. தோட்ட நிலத்தின் உரிமை இன்னும் அரசிடமே இருக்கிறது. கம்பனிகள் குத்தகைக்காரர்கள். சம்பளம், வீடு, காணியுரிமை ஆகியவற்றைக் குத்தகை நிபந்தனைக்குள் கொண்டுவர பிரசல்ஸின் அனுமதியோ ஜெனீவாவின் தீர்மானமோ வேண்டியதில்லை. கொழும்பின் விருப்பம் போதும்.

அடுத்த தடவை ஓர் அமைச்சர் 'சர்வதேசச் சந்தையைக் கருத்தில்கொண்டு' என்று ஒரு முடிவை அறிவிக்கும்போது, அந்தக் கூட்டத்துக்கு யார் யார் அழைக்கப்பட்டார்கள் என்று எங்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம். துரைமார் சங்கம், ஏற்றுமதியாளர் சங்கம், தேயிலைச் சபை என்று பட்டியல் வரும். அதில் பிரட்டுக்களத்திலிருந்து ஒருவராவது இருந்தாரா என்பதையும் சேர்த்துக் கேட்போம்.